ஒண்ணும் இல்லதானே

இரண்டு மில்லி ரத்தம். ஊர், கொட்டில்பாடு.
பெயருக்கான கோட்டில்
"மெற்றில்டாவின் ஆண் குழந்தை."
ஞானஸ்நானம் இன்னும் கொடுக்கவில்லை.
நாற்பத்து மூன்று நாள்.
கொப்பூழ்க்கொடி விழவில்லை என்று
டாக்டர் கிறுக்கி, அடிக்கோடு இட்டிருந்தார்.

சுற்றிலும் புண். சீழ் மட்டும் இல்லை.
"சீழ் வைக்கல்ல, அது நல்லதுதானே"
என்றாள், ஜன்னல் கம்பிக்கு அப்பால்.
நான் குழாய்களை எண்ணுவதுபோல் இருந்தேன்.

சீழ் என்பது
வந்துசேர்ந்து மடிந்தவர்களின் உடல்.
இங்கே யாரும் வந்துசேரவில்லை.
வெள்ளணுக்களுக்குப் பஞ்சம் இல்லை,
பல மடங்கு ஓடுகின்றன,
திங்கள்சந்தை வழி போகிற கடைசி பஸ் மாதிரி
நெரிசலாய், நிறுத்தத்தில் நிற்காமல்.
கம்பியைப் பிடித்து இறங்க
அவற்றுக்குக் கை உண்டா?
என்னிடம் அனுப்பியிருப்பது அந்தக் கேள்வியைத்தான்.

கையின் பெயர் சி.டி. பதினெட்டு.
அதைத் தேடும் ஆன்டிபாடி
ஏதோ ஒரு சுண்டெலியின் பழைய பகை,
வாலில் பச்சை விளக்கு கட்டிய பகை.
வெளிச்சம் ஆகாது, சூடு ஆகாது.
பெங்களூரிலிருந்து ஐஸ் பெட்டி வந்த அன்று
வெட்டூர்ணிமடம் முழுக்கக் கரண்ட் இல்லை.
ஷிபு டீசலுக்கு ஓடினான்.
நான் பெட்டியைத் திறக்காமல்
அதன்மேல் கைவைத்து உட்கார்ந்திருந்தேன்.

அதற்கு ஒரே வேலைதான் தெரியும், பிடிக்க.

இருட்டில் இருபது நிமிடம்.
ஒப்பிட்டுப் பார்க்க என் ரத்தமும் ஒரு குழாய்.
தகரத்தில் ஆடி மழை.
லேசர் முன்னால் ஒன்றன்பின் ஒன்றாய் அணுக்கள்.

என்னுடையது வலப்பக்கம் எழுந்தது
மருந்துவாழ்மலை போல ஒற்றையாய்.
தாயுடையது பாதி வழியில் நின்றது.
தகப்பன் தங்கல் கடலில்; வந்தபிறகு எடுக்கவேண்டும்.
குழந்தையுடையது இடது ஓரத்திலேயே,
சாயம் போடாத குழாயின் கோட்டின் மேல்
பிசகாமல் படுத்திருந்தது.

மறுபடி செய்தேன்.
குப்பியைச் சந்தேகப்பட்டேன், தேதி பார்த்தேன்.
சந்தேகப்பட என் மலை விடவில்லை.

கவுண்டரில்
துப்பட்டாவைப் பிள்ளை பிடித்திருந்த பிடியை
விடுவிக்க முடியாமல்
ஒற்றைக் கையால் பணம் எண்ணினாள்.
"டெஸ்ட்டுல ஒண்ணும் இல்லதானே, மேடம்?"

ஒன்றும் இல்லை.
அதுதான் தாளில் இருக்கிறது.

"டாக்டர் சொல்லுவார்" என்று
உறையை மடித்து ஒட்டினேன்.
மழை ஈரத்தில் பசை பிடிக்கவில்லை.
இன்னொரு முறை அழுத்தினேன்.
பிறகு ஸ்டேப்ளரைத் தேடினேன்,
வேண்டுமென்றே கொஞ்ச நேரம்.