ஒன்பதாம் கட்டம்

பட்டர்வொர்த்தில் இரவு ஒன்றரை மணி.
பின்னம் படிக்க ஒன்பது வழி என்று
மூன்றுக்கு மூன்று கட்டம் போட்டு
எட்டை நிரப்பியவள்
மேசையிலேயே கண்ணயர்ந்துவிட்டேன்.

காலையில் அப்படியே அச்சடித்தேன்,
முப்பத்தொரு படி.

காணொளி பார்க்கலாம். தாளில் செய்யலாம்.
அப்பம் பாலிக்கைச் சமமாய்ப் பங்கிட்டு
சண்டை வந்ததா என்று எழுதலாம்.
தீவுக்குப் போகும் ஃபெர்ரியில்
நின்றவர் எத்தனை பங்கு, உட்கார்ந்தவர் எத்தனை பங்கு,
எண்ணிக்கொண்டு வரலாம்.
எதையும் முதலில் எடு. எங்கும் நில். திரும்பி வா.
வெள்ளிக்கிழமைக்குள் மூன்று போதும்.

“அவங்கவங்க இஷ்டத்துக்கு விட்டா
பாடம் எப்ப முடியும் டீச்சர்?”
தலைமையாசிரியர் கேட்டது நியாயம்தான்.
என்னிடம் பதில் இல்லை, கட்டம் இருந்தது.

யஷ்மிதா திங்கள் ஓய்வுவேளைக்குள் நான்கை முடித்து
ஐந்தாவதில் பிழை கண்டுபிடித்தாள்.
என் பிழை.
ஹரிவர்மன் வகுப்பில் ஒருநாளும்
“இன்னொரு தடவை” என்று கேட்டதில்லை.
காணொளியில் என்னைப் பதினோரு முறை
பின்னுக்கு இழுத்திருக்கிறான்; பதிவு காட்டுகிறது.
பதினோரு முறையும் ஒரே குரலில்
பொறுமையாய் இருந்திருக்கிறேன்.
நேரில் மூன்றாம் முறைக்கே என் புருவம் ஏறிவிடும்.
அது அவனுக்குத் தெரியும்.

தர்வினேஷ் பெயருக்கு நேரே
நான்கு நாளாய் வெள்ளை.
உன் வேகத்தில் படி என்று சொன்னவளுக்கு
அவன் வேகம்
பிறை தொழிற்சாலைப் பேருந்தில்
மாலை ஆறேகாலுக்கு ஏறிப் போவது தெரியாது.

வெள்ளியன்று தாளை நீட்டினான்.
எட்டையும் தொடவில்லை.
காலியாய்க் கிடந்த ஒன்பதில், பென்சிலில்:

அம்மா வேலை 12 மணி. பஸ் 2.
தூக்கம் 6, போன் தலையணைக்கு அடியில்.
மிச்சம் 24-இல் 4. அதாவது 1/6.
அதில் பாதி தங்கச்சிக்கு.
எனக்கு 1/12.

சுருக்கியிருந்தான். சரியாக.
பங்கின் பாதியை நான் இன்னும் நடத்தவேயில்லை.
விடைக்கு அடியில் இரண்டு கோடு,
அளவுகோல் வைத்து.

“இது நீங்க எங்களுக்குன்னு விட்ட கட்டம்தானே டீச்சர்?”
ஆமாம் என்றேன்.
அந்தப் பொய்யைச் சுருக்கிப் பார்க்கவில்லை.

பதிவேட்டில் இரண்டே நிரல்:
குறைநீக்கல், வளப்படுத்துதல்.
அவன் பெயரோடு பேனா
நடுக்கோட்டிலேயே நின்றது.

இப்போது காலை ஆறரைக்குக்
கணினி அறையைத் திறந்துவைக்கிறேன்.
முதல் நாள் யாரும் வரவில்லை.
இரண்டாம் நாள் ஹரிவர்மன்.
காதில் கருவி மாட்டி என்னைக் கேட்டுக்கொண்டிருந்தான்,
நான் பக்கத்தில் நிற்பதைப் பார்க்காமல்.
தர்வினேஷின் வேன்
ஏழு பத்துக்குத்தான் வரும்.

அடுத்த வாரம் தசமம்.
எட்டுக் கட்டம் முடிந்தது.
தூக்கம் வரவில்லை.