இன்னும் ஒரு மாத்திரை

கிட்டார் பையை முதுகில் மாட்டி
பினாங்குப் பாலத்தில் மோட்டார் ஓட்டினால்
பை பாய்மரமாகிவிடும்.
நடுப்பாலத்தில் காற்று என்னைக்
கடலுக்குக் கேட்கும்.
தரமாட்டேன் என்று கைப்பிடியை இறுக்குவேன்.
பன்னிரண்டு மணி நேரம்
பாயான் லெப்பாஸில் சில்லுகளைப்
புரட்டிப் பார்த்துவிட்டு வந்த கை அது.

அக்கரையில், பிறையில்,
டயர் கடைக்கு மேல்மாடி.
தவுக்கே ஊய்யின் அறை
மணிக்கு முப்பத்தைந்து வெள்ளி.
சுவரெல்லாம் முட்டை அட்டை.
கதவைச் சாத்தினாலும்
கீழே நட்டு கழற்றும் துப்பாக்கியின் உறுமல்
ஏறி வரும்
எந்தச் சுருதியிலும் சேராமல்.

ஏழு பாட்டு இருந்தது என்னிடம்.
ஆள் இல்லை.
சலவைக் கடையில், கேண்டீன் தூணில் ஒட்டினேன்:
டிரம்ஸ் தேவை, பேஸ் தேவை, லீட் தேவை,
சொந்தப் பாட்டு.
சம்பளம் இல்லை என்பதைக்
கடைசியில் சின்னதாக எழுதியிருந்தேன்.
அழைத்தவர்கள் எல்லாம்
அங்கிருந்துதான் படிக்கத் தொடங்கியிருந்தார்கள்.

யுகேந்திரன் வந்தான்.
ஒன்பது மிதிபெட்டி.
ஒன்றோடொன்று கோத்து முடிக்க
இருபத்திரண்டு வெள்ளி ஆனது.
வாசித்தான்; பொய் சொல்லக்கூடாது,
சிலிர்த்துப் போனேன்.
என் பாட்டுதான்
உட்கார இடம் கிடைக்காதவள்போல
கம்பியைப் பிடித்தபடி
கடைசிவரை நின்றே வந்தது.

சர்வின், சுங்கை பாக்காப்.
உறுமி மேளத்தில் ஆறு வருடம்.
டிரம்ஸுக்குப் பின்னால் உட்கார வரவில்லை அவனுக்கு.
முக்காலியை உதைத்துத் தள்ளிவிட்டு
நின்றே அடித்தான்.
‘கொஞ்சம் மெதுவா’ என்றேன்.
‘சாவு வீட்டு அடியாக்கா, சாமி வர்ற அடியா?’
ஏழு பாட்டையும்
இத்தனை சரியாக யாரும் விசாரித்ததில்லை.
‘ரெண்டுக்கும் நடுவுல.’
‘அப்படி ஒன்னு இருக்கா?’
அடித்துப் பார்த்தான்.
இருந்தது.

ஹஸ்னிதா, கெப்பாலா பத்தாஸ்,
பல் கிளினிக்கில் பெயர் பதிகிறவள்.
பேஸ் அண்ணனுடையது,
ஒரு கம்பி மட்டும் வேறு நிறம்.
தமிழ் தெரியாது.
எல்லாரும் சேர்ந்த அந்த முதல் மாலையில்
மூன்றாம் பாட்டை இரண்டு தரம்
வாசிக்காமல் கேட்டாள்.
பிறகு மலாயில்:
ஒரே சொல்லை ஏன்
ஓரிடத்தில் வெட்டுகிறாய், ஓரிடத்தில் இழுக்கிறாய்?

ஒரே சொல் இல்லை என்றேன்.
வெட்டினால் விடு. லெப்பாஸ்.
இழுத்தால் வீடு. ரூமா.
நடுவே இருப்பது ஒரு மாத்திரை.

‘தலைவலியாக்கா?’ என்றான் சர்வின்.

அவள் தடித்த கம்பியில் விரல் வைத்தாள்.
விடு: உடனே எடுத்தாள்.
வீடு: எடுக்கவில்லை.
முட்டை அட்டைகள் நடுங்கின.
கீழே துப்பாக்கிகூட
ஒரு நட்டை மறந்து நின்றது,
அல்லது அப்படி எனக்குத் தோன்றியது.

யுகேந்திரன் அதன்மேல்
அருவியாகக் கொட்டினான்.
அழகான அருவி.
கொட்டி ஓய்ந்தபோது
எது குறில் எது நெடில் என்று
எழுதியவளுக்கே தெரியவில்லை.

அன்றிரவு பாலம் ஏறுமுன்
எண்ணெய் நிலையத்தில் நின்று அவனை அழைத்தேன்.
‘நீ நல்லா வாசிக்கிற’ என்று தொடங்கியதுமே
அந்தப் பக்கம் சிரிப்பு.
‘வெட்டுற சொல்லா எனக்கு?’
பதில் சொல்ல
ஒரு மாத்திரைக்கு மேல் ஆனது.

இப்போது மூன்று பேர்.
லீட் இல்லை.
அருவி இருந்த இடத்தில்
எனக்குத் தெரிந்த நாலு கார்டு.
சில இடம் வெறுமையாகத்தான் கிடக்கிறது,
சரி செய்யவில்லை.

ரசீதுக்குக் குழுவின் பெயர் கேட்டார் தவுக்கே.
இல்லை என்றோம்.
‘தீகா ஓராங்’ என்று எழுதிக்
கிழித்துக் கொடுத்தார்.
இரண்டு மணி, எழுபது வெள்ளி,
மூன்றால் வகுபடாது.
ஹஸ்னிதா சில்லறை தேடிக்கொண்டிருக்க
சர்வின் உறுமியைத் தோளில் மாட்டினான்.
புக்கிட் மெர்தாஜாமில் ஒரு சாவு, எட்டு மணிக்கு.

படி இறங்கும்போது
கைப்பிடிச் சுவரில் அவன் விரல்
தட்டிக்கொண்டே போனது,
ரெண்டுக்கும் நடுவில் இருப்பதை.