அஞ்சு ஊடும் ஒரே நாள்ல

விளக்கைப் போட்டதும்
சமையல்மேடை ஒருமுறை சிலிர்த்து அடங்கும்.
அப்புறம் ஒன்றுமே நடக்காதது போல
எண்ணெய்ச் சட்டி, உப்பு டப்பா, நான்.

பகல் முழுக்க டியூப்லைட் அடியில்
பனியன் துணியில் ஓட்டை தேடுகிற கண் எனக்கு.
ஊசிமுனை அளவு விட்டாலும்
பீஸ் முகத்துக்குத் திரும்பி வரும்.
இந்தக் கண்ணுக்கே அகப்படாமல்
மிக்ஸியின் வயிற்றுக்குள் குடித்தனம் நடத்துகின்றன,
காலண்டர் முருகனின் முதுகில்,
பிரிட்ஜ் கதவின் ரப்பர் மடிப்பில்.

சாக்பீஸ் கோடு போட்டேன். தாண்டின.
ஸ்ப்ரே அடித்தேன். இரண்டு நாள் இருமியது நான்தான்.
போரிக் பவுடரைச் சர்க்கரை மாவோடு பிசைந்து
சுண்டைக்காயாக உருட்டி வைத்தேன்.
கொஞ்சம் குறைந்த மாதிரி இருந்தது.
மாரியாத்தா நோம்பிக்கு ஒறம்பரை வருவது போல
குஞ்சு குளுவானோடு திரும்பி வந்தன.

கடைசி வீட்டு ஜெசிந்தாவுக்குச் சிரிப்பு.
"இதெல்லாம் ஒரு பூச்சியாக்கா?
எங்க மணப்பாட்டுல வந்து பாருங்க.
கடக்காத்து வீசிச்சுன்னா
சொவத்த விட்டு எந்திச்சு மூஞ்சிக்கே பறந்து வரும்."
திருப்பூரில், பறக்காத பூச்சியிடம் தோற்றவள் நான்.

ஞாயிற்றுக்கிழமை மருந்துக்கார வெள்ளிங்கிரி
டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு
சிங்க்குக்கு அடியில் தலையை விட்டார்.
கம்பெனியிலிருந்து நான் தூக்கி வந்து
மளிகை போட்டு வைத்திருந்த அட்டைப்பெட்டியைப் பிரித்து
மடிப்பில் ஒட்டியிருந்ததைக் காட்டினார்,
துவரம்பருப்பு அளவில் ஒரு பை.
"இதுக்குள்ள மட்டும் பதினஞ்சு இருக்குமுங்க.

ஜெல் வெச்சுத் தர்றன். ஆனா ஒண்ணு,
உங்க ஊட்ல மட்டும் வெச்சா
பக்கத்துல இருக்கறது பத்து நாள்ல வந்துருமுங்க.
அஞ்சு ஊடும் ஒரே நாள்ல வெக்கோணும்.
அந்தக் கொழாய்ச் சொட்டும் நிக்கோணும்.
சோறில்லாட்டி இருந்துக்கும்.
தண்ணியில்லாட்டி தாங்காதுங்க."

ஜெசிந்தா சரி என்றாள்.
பூட்டிக் கிடக்கும் நடுவீட்டுக்கு ஓனரிடம் சாவி.
நைட் ஷிப்ட் முடித்துத் தூங்கிய ஒடியாப் பையன்களில்
பிஜய் மட்டும் கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்தான்.
நெற்றியில் இரண்டு விரலை மீசையாக ஆட்டிக் காட்டினேன்.
"ஓ, அசரபா!" என்று
ஒரு சொந்தக்காரனை விசாரித்தது போல மலர்ந்தான்.

மிச்சம் துளசிமணி.

பேசி ஏழு மாதம்.
அதே குழாய்தான்.
வாஷர் நாற்பது ரூபாய், யார் கொடுப்பது என்று ஆரம்பித்து
என் பிறந்த வீட்டைத் தொட்டு
அவள் புருஷன் குடியில் போய் நின்றது.
அன்றிலிருந்து சொட்டுகிறது.
ராத்திரி சுவருக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவள்,
இரண்டு பேரும் எண்ணிக்கொண்டு.
சுவரடி ஓட்டை வழியே போக்குவரத்து வைத்திருந்தது
மீசைக்காரர்கள் மட்டும்.
அவள் வீட்டில் என்ன குழம்பு என்று
எனக்குத் தெரியாது. அவர்களுக்குத் தெரியும்.

கதவைத் தட்டினேன்.
திறந்தாள். கையில் செருப்பு.
எனக்குத்தான் என்று நினைத்தேன்.
அவள் தோளுக்குப் பின்னால்
சுவரில் மீசை ஆடியது.

"மருந்துக்காரரு வந்திருக்கறாரு..."
"கேட்டுட்டுத்தான் இருந்தனுங்."
அவ்வளவு மெல்லிசு அந்தச் சுவர்.

கதவுக் கீலில் கடுகளவு,
சிலிண்டர் அடியில் கடுகளவு,
ஐந்து வீட்டிலும் பொட்டு வைத்து முடித்தார்.
"ஸ்ப்ரே மட்டும் அடிச்சுப் போடாதீங்க, ஜெல்லத் திங்காது.
மூணு வாரத்துல இன்னொருக்கா வர்றன்.
முட்டை பொரிக்குமில்லைங்க."
வாஷருக்கு அவள் இருபது, நான் இருபது.

சொட்டு நின்ற ராத்திரி தூக்கம் பிடிக்கவில்லை.
அந்தப் பக்கமும் கட்டில் முனகியது.

மூன்றாம் நாள் காலை
இரண்டு வாசலுக்கும் நட்டநடுவில்
ஒன்று மல்லாந்து கிடந்தது, ஒரு கால் மட்டும்
இன்னும் தைத்துக்கொண்டு.
"உங்கூட்டுதா, எங்கூட்டுதா?" என்றாள் துளசிமணி.
செக்கிங் மேசையில் பார்ப்பது போல
குனிந்து பார்த்தேன்.
கூட்டி அள்ளுவது யார் என்பது
மணி எட்டாகியும் முடிவாகவில்லை.