தொழில் தொடங்கிய நாள்

கருங்கல் பேரூராட்சியில் வாங்கிவந்த விண்ணப்பம்
அரிசி டப்பா மூடிமேல் கிடக்கிறது.
எழுதுவது நான்.
ரெஜின் ஸ்விஃப்ட்டுக்கு அடியில்.
முழங்காலுக்குக் கீழே மட்டும்தான்
இப்போது என் கணவன்.

தொழிலின் பெயர்?
"வண்டி பாக்கது."
அப்படி எழுத முடியாது,
பெண் பார்க்கப் போவது மாதிரி இருக்கிறது.
'மோட்டார் வாகனப் பழுதுநீக்கம்' என்று எழுதி
என் கையெழுத்தை நானே ஒருமுறை பார்த்துக்கொண்டேன்.

மோட்டாரின் குதிரைத்திறன்?
"கம்பிரசர் ரெண்டு. எழுதாத.
வீட்டு மீட்டர்லயில்லா ஓடுது."
எழுதாவிட்டால் விண்ணப்பம் திரும்பி வரும்.
எழுதினால் மின்வாரியத்திலிருந்து ஆள் வரும்.
பென்சிலால் எழுதினேன்.

வேறெங்காவது சம்பளம் வாங்குகிறீரா என்று
நல்லவேளை இதில் கேட்கவில்லை.
நாகர்கோவில் ஷோரூம் தந்த வேலைக் கடிதம்
பீரோவில், பிள்ளைகளின் ஞானஸ்நானச் சீட்டுகளோடு.
ஏழாவது பத்தி:
வெளியே இதே வேலை செய்யக்கூடாது.
ஆங்கிலத்தில் இருந்ததால்
வாசிக்காத மாதிரி
ஆறு வருசம் இருந்துவிட்டோம்.

கழிவு எண்ணெய் எங்கே போகிறது?
ஸ்பானர் சத்தம் நின்றது.
"கேனுல இருக்குன்னு எழுது."
கேனில் இருக்கிறது, உண்மைதான்,
போன வைகாசியிலிருந்து.
அதற்கு முந்தியது ரப்பர் மூட்டுக்குத் தெரியும்.
டெல்பின் அக்கா வீட்டுக் கிணற்று வெள்ளத்துக்கும்.
அடுத்த பக்கத்தில்
'அண்டைவீட்டார் சம்மதம்' என்ற கோட்டுக்கு மேலே
அவள் கையெழுத்துதான் வேண்டும்.

தொழில் தொடங்கிய நாள்?
நாளைக்கு என்றால் பொய்.
உள்ளதைச் சொன்னால் அதுவே வாக்குமூலம்.
"மூத்தவ பொறந்த வருசம். வாத்தியாருக்க ஆம்னி.
இருநூறு ரூவா தந்தாரு."
அந்த இருநூறுக்குப் பால்பவுடர் வாங்கினோம்.
கடைக்காரன் ரசீது தந்தான்.
நாங்கள் வாத்தியாருக்குக் கொடுக்கவில்லை,
அவருக்குப் பின்னால் வந்த யாருக்கும்.

தாளில் இல்லாத ஒன்றைக் கடைசியாக நானே கேட்டேன்.
நீ பிரேக் மாட்டின வண்டி
பேச்சிப்பாறை இறக்கத்தில் நிற்காமல் போனால்
யார் பேரில் வழக்கு?

கால்கள் அசையவில்லை.
அப்புறம் பலகை உருண்டு
நெற்றியில் கிரீஸோடு முகம் வெளியே வந்தது.
என்னைப் பார்க்கவில்லை.
அரைமணிக்கு முன்னால் முறுக்கி முடித்த
முன்சக்கரத்தை
மறுபடி கழற்றத் தொடங்கினான்.

ஏழு மணிக்கு வருவதாகச் சொன்ன வண்டிக்காரருக்கு
நான் போன் போட்டு
ஒன்பது என்றேன்.