பகல் பன்னிரண்டு மணிச் சிறுநீர்

பத்துக்கும் இரண்டுக்கும் நடுவே பிடித்த சிறுநீர்தான் வேண்டும்.
முட்டைகள் உச்சிவெயில் பார்த்துத்தான் வெளியே வரும்.
டொங்காட் ஆற்றங்கரைப் பள்ளியிலிருந்து
முப்பத்தெட்டுப் புட்டிகள், ஐஸ் பெட்டியில்.
பதினேழாவதின் மூடியில் லுவாண்டிலே.
நன்னாரி சர்பத் நிறம்.

வடிதாளில் விட்டு, லென்ஸுக்குள் குனிந்தேன்.
நுனியில் முள் வைத்த முட்டைகள்,
இருநூறோடு எண்ணுவதை நிறுத்தினேன்.
படிவத்தில் அதற்கு மேல் கட்டம் இல்லை.

இட்டவளை இங்கே பார்க்க முடியாது.
மூத்திரப்பையைச் சுற்றிய சிரைக்குள்
கணவன் உடலின் நீளமான மடிப்பில்
கொசுவத்தில் செருகிய சாவிபோல் கிடக்கிறாள்.
அவன் ஒரு மிடறு குடித்தால் அவள் பத்து.
கொஞ்சம் இரும்பை முட்டைக்கென்று எடுத்து
மிச்சத்தைக் கரும்பொடியாய்த் திரட்டி
வந்த வாய்வழியே கக்குகிறாள்;
வேறு வாசல் வைத்துப் படைக்கப்படவில்லை.

சர்க்கரைக்கு வாயும் வேண்டாம்,
தோலே உறிஞ்சும்.
ஐந்து மணிக்கொருதரம்
தன் காய்ந்த எடைக்குச் சர்க்கரை!
ஜன்னலுக்கு வெளியே கரும்பாலை
மூச்சுவிட்டுக்கொண்டிருக்கிறது.

கொழுப்புச் செய்யத் தெரியாது, கொலஸ்ட்ரால் தெரியாது.
ஒருகாலத்தில் தெரிந்திருக்கும்.
சமைத்து வைத்த வீட்டில் குடியிருந்து
கைப்பக்குவம் மறந்துபோயிற்று.
பையனின் ரத்த வகையைத்
தோல்மேல் உடுத்திக்கொண்டிருப்பதால்
ரோந்து வரும் வெள்ளணுக்கள்
நம்ம ஆள்தான் என்று தாண்டிப் போகின்றன.

ஆறு வருஷமாய் எங்கள் கராஜ் அறையில் இருக்கும்
என் தம்பி பூபாலனை
ஒட்டுண்ணி என்றாள் மாமியார் ஒருநாள்.
கோபம் வந்தது எனக்கு,
புழுவின் சார்பில்.
அது தினம் நூறு முட்டையாவது இடுகிறது.

வியாழன்று மாத்திரை கொடுக்கப் போனோம்.
கோடு போட்ட கம்பத்தில் நிறுத்தி
உயரத்துக்குத் தக்கபடி எண்ணிக்கை.
லுவாண்டிலேக்குப் பன்னிரண்டு வயது.
கம்பம் ஒன்பது என்றது.
மிச்ச உயரம் யார் வயிற்றில் என்று
கம்பத்தை யாரும் கேட்கவில்லை.

"இதைப் போட்டால் சிவப்பு நின்றுவிடுமா?"
நிற்கும் என்றேன்.
முகம் விழுந்துவிட்டது.
சிவப்பாய்ப் போனால்தான் ஆம்பிளை என்று
பெரிய பையன்கள் சொல்லியிருக்கிறார்கள்.
பக்கத்தில் நர்ஸ் நொம்வூலா சிரிப்பை அடக்க,
கசப்பு மாத்திரையை மெல்லாமல் விழுங்கினான்.

உள்ளே இந்நேரம்
அவளுக்குச் சதை இழுத்துப் பிடித்திருக்கும்.
இரவல் உடுப்பு கிழிந்து
உண்மைத் தோல் தெரிந்திருக்கும்.
பிடி நழுவி, மடிப்பிலிருந்து உருவிப்போய்
கல்லீரல் பக்கம் அடித்துச் செல்லப்பட்டிருப்பாள்,
வெள்ளணுக்கள் இப்போது அடையாளம் கண்டு
கூட்டமாய்ச் சூழ.

ஆறு வாரம் கழித்து மறுசோதனை.
வரிசையாய் மஞ்சள், மஞ்சள், வெளிர்மஞ்சள்.
பதினேழு மட்டும்
முன்னைவிடச் சிவப்பு.

வயிற்றில் ஏதோ கவிழ, லென்ஸுக்குள் தேடினேன்.
ஒரு முள் இல்லை. ஒரு சிவப்பணு இல்லை.
வடிதாள் பூராவும் ஒரே சாயம், ஊதா ஓரத்தோடு.
மூடியைத் திறந்து முகர்ந்தேன்:
பள்ளிச் சாப்பாட்டு பீட்ரூட்,
வினிகர் வாசத்தோடு.

முட்டை என்ற கட்டத்தில் 'இல்லை' என்று எழுதினேன்.
நிறம் என்ற கட்டத்தில்
பேனாவைக் கொஞ்சநேரம் பிடித்திருந்துவிட்டு
'சிவப்பு' என்று எழுதினேன்.