எதுவும் வளரவில்லை

யாஸ்னா பர்ரியாவை எனக்கு முப்பத்தாறாவது வாரத்திலிருந்து தெரியும்.
முகம் தெரியாது.
ஆட்டு ரத்தம் கலந்த சிவப்புத் தட்டில்
அவளிடமிருந்து வந்த பஞ்சைத் தீற்றினேன்.
மறுநாள் காலை சாம்பல் நிறப் புள்ளிகள்,
ஒவ்வொன்றையும் சுற்றி
ரத்தம் வெளுத்த ஒரு வளையம்.
பி பிரிவு ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்று எழுதிக் கையெழுத்திட்டேன்.

அவளை அது ஒன்றும் செய்யாது.
வாடகை தராத, சத்தமும் போடாத குடித்தனக்காரன்.
அந்த வழியாக இறங்கி வரும் பிள்ளையிடம்தான்
குணத்தைக் காட்டும்,
அதுவும் எப்போதாவது.

வலி கண்டதும் வந்துவிடு,
பிறப்புக்கு முன் நான்கு மணி நேரமாவது
பென்சிலின் உள்ளே இருக்க வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள்.
அவள் இருப்பது நீரிணைக்கு அக்கரையில், பொர்வெனிரில்.
வருங்காலம் என்று அர்த்தம் அந்த ஊர்ப் பெயருக்கு.
ஆகஸ்ட் காற்று துறைமுகத்தை மூடிவிட்டது.
படகு புந்தா அரேனாஸ் வந்து சேர்ந்தபோது
அவளால் உட்கார முடியவில்லையாம்.
ஊசி ஏறி நாற்பதாவது நிமிடம்
பெண் குழந்தை.

ஒரு மில்லி ரத்தம் குப்பியில் வந்தது,
இன்னும் வெதுவெதுப்பாக.
பெயர் என்ற இடத்தில்: பர்ரியாவின் மகள்.
கூடவே காதுக்குள் துடைத்த பஞ்சு.

பன்னிரண்டு மணி நேரம்.
இருபத்து நான்கு.
கருவி குப்பியை ஆட்டிக்கொண்டே இருக்கிறது.
விளக்கு மஞ்சளானால் நான் ஓட வேண்டும்.

காதுப் பஞ்சில் அவன் இருந்தான்.
அதே குடித்தனக்காரன், அதே வளையம்.
ஆனால் தனியாக வரவில்லை.
யாரும் கேட்காமல் நானாகப் போட்ட இன்னொரு தட்டில்
வெள்ளை வெள்ளையாய்க் கூட்டம்,
மூடியைத் திறந்தால் புளித்த பால் வாசனை.
அறிக்கையில் அதற்குக் கட்டம் கிடையாது.

பக்கத்து வீட்டு நெலிடா ஜாம் பாட்டிலில்
ஒரு கரண்டி தயிர்மணிகள் தந்திருக்கிறாள்.
குட்டிப் பறவைகள் என்பார்கள் இங்கே.
அவளுக்கு யாரோ தந்தது,
அந்த யாரோவுக்கு வேறு யாரோ.
பாலுக்குத் தானாக உறையத் தெரியாது.
நேற்றிலிருந்து ஒரு கரண்டி எடுத்து
யாராவது விட வேண்டும்.
கரண்டியில் இருப்பதில்
இது வேண்டும் அது வேண்டாம் என்று பொறுக்க முடியாது.

நாற்பத்தெட்டு.
விளக்கு பச்சையிலேயே நின்றது.
வார்டைக் கூப்பிட்டு,
ரத்தத்தில் எதுவும் வளரவில்லை என்றேன்.
செவிலி அதை உரக்கத் திருப்பிச் சொன்னாள்,
ஒன்பது மாதம் ஒன்றை வளர்த்தவளிடம்.
சிரிப்பா அழுகையா, பிரித்தறிய முடியாத சத்தம்.
பிறகு யாஸ்னாவே ஃபோனை வாங்கிக் கேட்டாள்:
காதில் இருந்தது என்னிடமிருந்து போனதுதானே?

ஆமாம் என்றேன்.
அந்தப் புளிப்பைப் பற்றியும் சொல்லியிருக்கலாம்.
வரிசையில் பதினோரு குப்பிகள் காத்திருந்தன.

வேலை முடிந்து
தட்டுகளை ஆட்டோகிளேவில் அடுக்கினேன்.
அந்த ஒன்றை மட்டும் கடைசியில்,
மூடியை ஒருமுறை திறந்து
மூடிவிட்டு.