சாவி ஒத்தாரியிடம்

ருஸ்தாவியில் பனி இன்னும் விழத் தொடங்கவில்லை.
காற்று மட்டும் தகரங்களைத் தட்டித் தட்டி
விலை கேட்டுக்கொண்டிருந்தது.
மாலை ஐந்தே கால்.
எடைமேடைக்கு வெளியே மூன்று லாரிகள்:
பழைய லிஃப்ட் கூண்டுகள், குளியல் தொட்டிகள்,
கடனில் முழுகிய ஒரு சர்க்கஸின் கம்பிகள்.

இரும்பை நசுக்கும் இயந்திரம் ஓடவில்லை.
அதன் சுவிட்சில் ஒரு சிவப்புப் பூட்டு.
பூட்டின் மேல் வெள்ளை மையில்: ஒத்தாரி.

"அவன் வீட்டுக்குப் போய்விட்டான்,
ஆணியில் கோட் இல்லை பார்" என்றார் முதலாளி குராம்.
கையில் கம்பிவெட்டி.
நான் எடைச்சீட்டு எழுதுகிறவள்.
இரும்பைப் பற்றி எனக்கென்ன தெரியும்,
கிலோவைத் தவிர.

ஆனாலும் சொன்னேன்:
கோட் வெளியே போயிருக்கலாம்.
பூட்டு, ஆள் உள்ளே என்கிறது.

"எட்டிப் பார்த்தாயா?"
பார்த்தேன். டார்ச் அடித்து, பேர் சொல்லிக் கூப்பிட்டு.
சக்கரமில்லாத ஒரு குழந்தை வண்டி,
வால்வைக்கூடத் திறந்து பார்க்காத ஒரு காஸ் உருளை
(அதை யார் உள்ளே போட்டது என்பது தனிச் சண்டை).
ஆள் இல்லை.
"பிறகென்ன?"

பிறகு, ஸுராப்.
பூட்டுகள் வருவதற்கு முந்தின வருஷம்.
அப்போதைய விதி: மூன்று முறை குரல் கொடு,
பதில் வராவிட்டால் பொத்தானை அழுத்து.
கொடுத்தார்கள், தொண்டை கிழிய, மூன்று முறை.
அவன் காதுகளில்
அந்த வாரம்தான் நாங்கள் வாங்கிக் கொடுத்த
புது காதடைப்பான்.

குராம் கம்பிவெட்டியைக் கீழே வைக்கவில்லை.
வெட்டவும் இல்லை.
இரண்டு லாரிகள் ஹாரனை அழுத்திக்கொண்டே
வேறு கிடங்கு தேடிப் போயின.

ஏழு ஐம்பத்தைந்துக்கு ஒத்தாரி வந்தான்,
பல் பிடுங்கிய மகளைக் கையில் பிடித்துக்கொண்டு.
ஆஸ்பத்திரியில் போனை அணைத்துவிட்டானாம்.
சட்டைப்பையில் இல்லை, பேண்டில் இல்லை,
கோட்டின் கிழிந்த உள்துணிக்குள்
இறங்கிக் கிடந்தது சாவி.
முதலாளியிடம் மன்னிப்புக் கேட்டான்,
மிச்சமிருந்த டிரைவரிடம் கேட்டான்,
என்னிடமும் கேட்டான், காரணம் தெரியாமலே.
வீங்கிய கன்னத்தோடு அந்தப் பெண்
பூட்டிலிருந்த பேரை எழுத்துக்கூட்டிப் படித்தாள்.
வாயில் பஞ்சு. ஒருவருக்கும் புரியவில்லை.

பேரேட்டில் எழுதினேன்.
தாமதம்: இரண்டு மணி நாற்பது நிமிடம்.
கைவிட்டுப் போனது: பதினொரு டன்.
விபத்து என்ற கட்டத்தில் கோடுகூடப் போடாமல்
கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிறகு எழுந்து
காஸ் உருளைக்காகக் கத்தப் போனேன்.